மின்வாசிப்பான் வாங்கும் முன்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு ஞாயிறு கூடும். எடுத்துக்கொண்ட நூலைப் பற்றிப் பேசி முடித்துத் தேநீர் வரும் நேரத்தில், யாராவது ஒருவர் என் கையிலிருக்கும் மின்வாசிப்பானை, அதாவது மின்நூல் படிப்பதற்கென்றே உள்ள கருவியை, வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். பிறகு கேள்வி தொடங்கும். ஆறேழு வருடமாகக் கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறவில்லை. அவற்றைக் கேட்டவர் கேட்ட தோரணையிலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் என் தேநீர் ஆறாமல் இருக்கட்டும் என்ற சுயநலமும் இதில் உண்டு.

"கையில்தான் போன் இருக்கிறதே, அதிலேயே படித்தால் போதாதா?"

போதுமானவர்களுக்குப் போதும். மின்சார ரயிலில் நின்றபடி ஒரு சிறுகதை படிக்க போன்தான் வசதி. நாவல் என்று வரும்போதுதான் தொல்லை. நாற்பதாவது பக்கத்தில் ஆழ்ந்திருப்பீர்கள், மின்கட்டண நினைவூட்டல் வரும், குடும்பக் குழுவில் யாரோ ரோஜாப்பூவுடன் காலை வணக்கம் சொல்வார்கள். திரும்பி வரும்போது எந்தப் பாத்திரம் பேசிக்கொண்டிருந்தது என்பதே மறந்திருக்கும்.

செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. மின்நூல் படிக்க உதவும் கிண்டில், கோபோ செயலிகள் போனில் இலவசம். ஒரு மாதம் அதில் இரண்டு நூல்களைப் படித்து முடிக்கப் பாருங்கள். முடியவில்லை என்றால் காரணத்தை யோசியுங்கள். அறிவிப்புகள் இழுத்துப் போயின, கண் எரிந்தது என்றால் தனிக் கருவி உதவும். நேரமே கிடைக்கவில்லை என்றால் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

"கிண்டில் என்பதும் ஈ-ரீடர் என்பதும் ஒன்றுதானே?"

நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்று சொல்கிறோமே, அதே கதைதான். கிண்டில் என்பது அமேசானின் கருவி, 2007 நவம்பரில் வந்தது. மின்மைத் திரையோடு (தாளில் அச்சான மை போலத் தெரியும் இ-இங்க் திரை) அதற்கு முன்பே, 2004-இல், ஜப்பானில் சோனி ஒன்றை விற்றது. இப்போது ராகுடென் நிறுவனத்தின் கோபோ, உக்ரைனில் தொடங்கி சுவிட்சர்லாந்தில் தலைமையகம் கொண்ட பாக்கெட்புக், சீனாவின் ஓனிக்ஸ் பூக்ஸ் என்று பல இருக்கின்றன. கீழே நான் ரீடர் என்று எழுதுவது எல்லாவற்றுக்கும் பொது.

"கண் வலிக்காது என்கிறீர்கள். ஆனால் உள்ளே விளக்கு எரிகிறதே, அப்புறம் போனுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?"

விளக்கு எந்தப் பக்கம் பார்த்து எரிகிறது என்பதுதான் வேறுபாடு. போனில் திரையே ஒளியை உங்கள் கண்ணை நோக்கி அனுப்புகிறது. ரீடரின் திரையில் தலைமுடியின் தடிமன் அளவே உள்ள நுண்ணிய குமிழிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கின்றன. மின்னூட்டம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்த துகள் அப்படியே நின்றுவிடும். அதனால் பக்கம் புரட்டும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவை. விளக்கு சட்டத்தின் ஓரத்தில் இருந்து பக்கத்தின் மீது விழுகிறது, மேஜை விளக்கு தாளில் விழுவதைப் போல.

வலிக்கவே வலிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். நான்கு மணி நேரம் அச்சு நூல் படித்தாலும் கண் களைக்கத்தான் செய்யும். இரவில் விளக்கைத் தேவைக்கு மேல் கூட்டி வைத்துக்கொண்டு குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் ஒளிக்கு மாற்றும் வசதியுள்ள மாதிரி, படுக்கையில் படிப்பவர்களுக்கு உகந்தது. பகலில் மொட்டை மாடி வெயிலில் படிப்பவர்களுக்கு விளக்கே வேண்டாம், வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகத்தான் தெரியும்.

"சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்கட்டும்?"

ஒரு துண்டுச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து படிக்க நினைத்திருக்கும் பத்து நூல்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எங்கிருந்து வரப்போகிறது என்று குறியுங்கள்: அமேசானில் விலைக்கு, இலவச மின்நூல் தளம், ஸ்கேன் செய்த பிடிஎஃப், நூலக இரவல், அச்சில் மட்டுமே கிடைப்பது. கடைசி வகையே ஏழெட்டு இருந்தால் ரீடர் வாங்க வேண்டாம், புத்தகக் கடைக்குப் போங்கள். சிரிக்காதீர்கள், தமிழில் படிப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்வதுதான்.

கடைக்காரர் திரை, எடை, நினைவகம் என்று தொடங்குவார். நீங்கள் கோப்பிலிருந்து தொடங்குங்கள். இனி வரும் பதில்களில் பாதி இந்தச் சீட்டை வைத்துத்தான். அதை எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

"தமிழ் ஒழுங்காகத் தெரியுமா? என் நண்பருடையதில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கிறது."

'கொ' என்று எழுத மூன்று துண்டுகள் வேண்டும்: முன்னால் கொம்பு, நடுவில் ககரம், பின்னால் கால். கோப்புக்குள் ககரம்தான் முதலில் சேமிக்கப்பட்டிருக்கும். கொம்பை முன்னே தூக்கி வைப்பது கருவியில் உள்ள மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவே இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள் தெரியும்.

கிண்டிலில் இந்தத் தொல்லை தீர்ந்துவிட்டது. 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் மின்நூல் விற்பனையைத் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த கிண்டில்களில் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழ் நூல் ஒழுங்காகவே தெரிகிறது. மற்ற கருவிகளில் வாங்கும் முன் ஒரு தமிழ் ஈபப் (திரைக்கேற்ப வரிகள் மடியும் மின்நூல் வடிவம்) கோப்பை ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது. அங்கே கோளாறு இருந்தால் கோரீடர் என்ற இலவச மென்பொருள் கைகொடுக்கும். அது கோபோ, பாக்கெட்புக், ஆண்ட்ராய்டு கருவிகளில் ஓடும், தமிழைச் சரியாகக் கோக்கும். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை அதில் சேர்த்துக்கொண்டால் பார்க்கவும் அழகாக இருக்கும்.

கருவியின் மீது பழி போடும் முன் கோப்பையும் பாருங்கள். ஒருங்குறிக்கு முந்தைய காலத்தில் தட்டச்சு செய்தவை ஏராளம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் குறிகளாகத்தான் கிடக்கும். எழுத்துருவை நீக்கிவிட்டால் தமிழே இல்லை. அப்படிப்பட்ட பிடிஎஃப்-ஐ ஈபப்-ஆக மாற்றித் தரும்படி கேட்டால் எந்த மென்பொருளும் குப்பையைத்தான் கொட்டும். முதலில் குறியாக்க மாற்றி ஒன்றில் ஒருங்குறிக்குக் கொண்டுவர வேண்டும்.

"முந்நூறு பிடிஎஃப் சேர்த்து வைத்திருக்கிறேன், எல்லாம் பழைய நூல்கள். ஆறு அங்குலத் திரையில் படிக்க முடியுமா?"

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆறு அங்குலம் என்பது மூலைவிட்ட அளவு, அகலம் சுமார் 9 செ.மீ. மட்டுமே. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. அதை இதற்குள் அடக்கினால் 12 புள்ளி எழுத்து 5 புள்ளி ஆகிவிடும். மாத்திரை அட்டையின் பின்புறத்தில் இருக்குமே, அந்த அளவு. 10.3 அங்குலத் திரையின் அகலம் 16 செ.மீ.-க்குச் சற்றுக் குறைவு. அதில் அதே எழுத்து 9 புள்ளியாகத் தெரியும், படிக்கலாம்.

ஆனால் உங்களிடம் இருப்பவை உண்மையில் ஏ4 பக்கங்கள்தானா? பழைய தமிழ் நூல்களில் பெரும்பாலானவை டெம்மி அல்லது கிரவுன் அளவில் அச்சானவை. டெம்மி பக்கத்தின் அகலம் சுமார் 14 செ.மீ., அதிலும் நான்கு பக்கமும் வெள்ளை விளிம்பு உண்டு. விளிம்பை வெட்டினால் எழுத்து நிற்கும் பகுதி பத்து, பதினொரு செ.மீ.தான். ஏழு அங்குலக் கிண்டில் பேப்பர்ஒயிட்டின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. அதாவது அச்சில் இருந்த அளவிலேயே படிக்கலாம். இந்த ஒரு கணக்கால் எங்கள் வட்டத்தில் இரண்டு பேர் பெரிய திரைக்குப் போகாமல் தப்பித்தார்கள். விளிம்பை வெட்டுவதற்குக் கோரீடரிலேயே வசதி இருக்கிறது. கிண்டில் என்றால் கணினியில் வெட்டிவிட்டு ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஆய்வறிக்கை, அரசிதழ், பெரிய அளவு வார இதழ், அடிக்குறிப்பு நிறைந்த உரைநூல் என்று இருந்தால் பத்து அங்குலத்துக்குக் கீழே யோசிக்கவே வேண்டாம். ஸ்கேன் கோப்புகள் கனமானவை என்பதையும் கணக்கில் வையுங்கள். கிண்டிலுக்கு மின்னஞ்சலில் அனுப்ப 50 எம்பி, இணையப் பக்கம் வழியாக 200 எம்பி என்று வரம்பு உண்டு. அதற்கு மேல் போனால் கம்பி இணைப்புதான்.

"அம்மாவுக்கு வாங்க வேண்டும். வயது எழுபத்திரண்டு. எழுத்து பெரிதாக இருந்தால் போதும் என்கிறார்."

பெரிய எழுத்து என்றாலே பெரிய திரை என்றும் சேர்த்துப் படியுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு' என்ற ஒரு சொல்லை ஆறு அங்குலத் திரையில் பெரிய எழுத்தில் வைத்தால் ஒரு வரியே முடிந்துவிடும். மிச்சமுள்ள சொற்களை வலது ஓரம் வரை இழுத்துப் பரப்பும்போது நடுவில் ஆறு ஓடுகிற மாதிரி இடைவெளி விழும். ஏழு அங்குலமாவது வாங்குங்கள், எட்டு இருந்தால் இன்னும் நல்லது. அமைப்பில் வரிகளை இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்தி வையுங்கள். அந்தப் பொத்தானை அவர் ஒருபோதும் தேடப் போவதில்லை, நீங்களே செய்துவிட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று எடை. என் பெரியம்மா படுத்துக்கொண்டுதான் படிப்பார். உறையோடு சேர்த்துப் பார்த்தால் பெரிய கருவி மணிக்கட்டுக்கு பாரம்தான். உறையைக் கழற்றி, சின்னத் தலையணை மீது சாய்த்து வைத்த பிறகே அவருக்கு ஒத்துவந்தது.

"காசு கொடுக்காமல் தமிழ் நூல்கள் எங்கே கிடைக்கும்? நேர்வழியில் கேட்கிறேன்."

நேர்வழியிலேயே நிறைய இருக்கின்றன. மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியது. சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டுப் புனைகதை வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து கொடுத்தவை அங்கே உண்டு. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வெளியான நூல்கள் ஈபப் வடிவிலேயே கிடைக்கின்றன, ஏற்றினால் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும், ஈழத்து நூல்களுக்கான நூலகம் தளத்திலும் இருப்பவை பெரும்பாலும் ஸ்கேன் பிரதிகள். அவற்றுக்கு முந்நூறு பிடிஎஃப் கேள்விக்குச் சொன்ன கணக்கு பொருந்தும்.

தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களும் எவரும் வெளியிடத் தக்கவை. இல்லாவிட்டால் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும், அதுதான் இந்தியச் சட்டம்.

"குழுக்களில் நேற்று வந்த நாவலின் பிடிஎஃப் கூட வருகிறதே, அதை ஏற்றிக்கொள்ளலாமா?"

கருவி ஏற்றுக்கொள்ளும். நான் செய்வதில்லை. தமிழ்ப் பதிப்பில் ஒரு நூல் எத்தனை பிரதி விற்கிறது என்று எந்த எழுத்தாளரிடமாவது கேட்டுவிட்டு, அதன் பிறகும் மனம் வந்தால் ஏற்றுங்கள்.

"கிண்டிலில் காசு கொடுத்து வாங்கிய நூல் எனக்குச் சொந்தம்தானே?"

படிக்கும் உரிமம் உங்களுடையது, நூல் உங்களுடையது என்று சொல்வதற்கில்லை. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நூல்களை வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. ஆனால் அப்படிச் செய்ய முடியும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கிக் கம்பி வழியாக ஏற்றும் வசதியையும் 2025 பிப்ரவரி 26-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது.

என் வழக்கம் இது: ஒருமுறை படித்துவிட்டு விடக்கூடிய நூல்களைக் கிண்டிலில் வாங்குவேன். பேரனுக்குக் கொடுக்க நினைப்பவற்றை அச்சில் வாங்குவேன். பூட்டு இல்லாத இலவச ஈபப் கோப்புகளை மட்டும் கணினியில் காலிபர் மென்பொருளில் அடுக்கி வைத்திருக்கிறேன். அதை எழுதியவர் கோவிட் கோயல் என்ற இந்தியர். கருவி மாறினாலும் அந்த அலமாரி மாறாது.

"அப்படியென்றால் கோபோவே மேல் என்று சொல்லிவிடலாமே?"

ஈபப் கோப்பை நேரடியாகத் திறக்கும், எழுத்துருவைச் சேர்ப்பது எளிது, 2024-இல் வந்த மாதிரிகளைப் பழுது பார்க்க ஐஃபிக்ஸிட் தளத்தின் வழியாக உதிரிபாகமும் வழிகாட்டியும் கிடைக்கின்றன. எனக்குப் பிடித்த கருவிதான். ஆனால் சீட்டைப் பாருங்கள். 'அமேசானில் விலைக்கு' என்று எத்தனை எழுதினீர்கள்?

தமிழ் மின்நூல்களில் பல கிண்டிலில் மட்டும் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சொந்தமாக வெளியிடும் எழுத்தாளர் தன் நூலை கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் சேர்க்க விரும்பினால், 90 நாள் தவணைகளாக அதன் மின்வடிவை வேறெங்கும் விற்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தவணை தானாகவே புதுப்பித்துக்கொண்டு போகும். அந்த நூல்கள் கோபோ கடைக்கு வரவே வராது. சமகாலத் தமிழ் எழுத்தை முதன்மையாகப் படிப்பவர் கோபோ வாங்கினால் கடையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். எங்கள் வட்டத்தில் கோபோ வைத்திருக்கும் மூவரும் வெளிநாட்டு உறவினர் மூலம் வரவழைத்தவர்கள். உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஆண்ட்ராய்டு உள்ள பூக்ஸ் வாங்கினால் இரண்டு கடையும் கிடைக்குமே, சண்டையே முடிந்ததே?"

கிடைக்கும். கிண்டில் செயலி, கோபோ செயலி, நூலகச் செயலி, கோரீடர் எல்லாம் ஒரே திரையில். தமிழில் சத்தமாகப் படித்துக் காட்டும் கூகுள் குரலும் உண்டு. பார்வை குறைந்தவர்களுக்கு அது பெரிய வரம்.

விலை கூடுதல், பேட்டரி சீக்கிரம் தீரும், அமைப்புப் பட்டியல் ஒரு காடு. அறிவிப்புகளும் பின்கதவால் வந்துவிடும். முதல் கேள்வியின் ரோஜாப்பூவை மீண்டும் வீட்டுக்குள் அழைப்பது போலத்தான். அமைப்புகளை நோண்டுவதில் இன்பம் காண்பவருக்கு வாங்கலாம், அம்மாவுக்கு வேண்டாம்.

"சிங்கப்பூரில் இருக்கிறேன். நூலகத்தில் தமிழ் மின்நூல் இரவல் தருகிறார்கள். எதில் படிப்பது?"

தேசிய நூலக வாரியம் லிபி (Libby) என்ற நூலகச் செயலி வழியாகத் தருகிறது. கிண்டிலுக்கு நூலக நூலை அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே. அதனால் உங்களுக்கு லிபி ஓடக்கூடிய ஆண்ட்ராய்டு ரீடர்தான் சிக்கலில்லாதது. கோபோவிலும் நூலக இரவலுக்கான ஓவர்டிரைவ் உள்ளேயே இருக்கிறது. அதில் தமிழ் எப்படித் தெரிகிறது என்று ஒரு நூலை இரவல் எடுத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

"வண்ணத் திரை வந்துவிட்டதே, இன்னும் கறுப்பு வெள்ளை வாங்குவதா?"

நாவல் படிப்பவர் கறுப்பு வெள்ளையே வாங்கலாம். கலைடோ 3 வகைத் திரையில் கறுப்பு வெள்ளைக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணத்துக்கு 150 புள்ளி. வண்ணம் தருவது மேலே ஒட்டிய வடிகட்டி. அதனால் வெள்ளைப் பகுதி கொஞ்சம் சாம்பல் பூத்திருக்கும், பகலிலும் விளக்கு கேட்கும். குழந்தைகள் நூல், வரைபடம், காமிக்ஸ் படிப்பவர்களுக்கும், அடிக்கோட்டைப் பல நிறத்தில் போடும் மாணவர்களுக்கும் பொருந்தும். சினிமாப் பத்திரிகையின் பளபளப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்.

"பேட்டரி பத்து வாரம் என்று போட்டிருக்கிறது. எனக்கு இரண்டு வாரம்கூட வரவில்லை, ஏமாற்றுகிறார்களா?"

அந்தப் பத்து வாரத்தின் அடியில் சின்ன எழுத்தில் 'தினம் அரை மணி நேரம், வைஃபை இல்லாமல்' என்று இருக்கும். பெருக்கிப் பாருங்கள், 35 மணி நேரம். நீங்கள் தினம் இரண்டரை மணி நேரம் படித்தால் பதினான்கு நாள்தான். நல்ல வாசகர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒருவர் பழையதைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?"

நேரில் பார்த்து வாங்குங்கள். முதலில் அவர் தன் கணக்கிலிருந்து கருவியை நீக்க வேண்டும், உங்கள் கண் முன்னால். பிறகு உங்கள் கணக்கில் பதிந்து பாருங்கள். திருடுபோனதாகப் புகார் செய்யப்பட்ட கருவி பதியாது. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, விளக்கை முழுதாகக் கூட்டி, மூலைகளில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய பக்கத்தின் நிழல் லேசாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், பக்கங்கள் புரளும்போது போய்விடும். கோடு இருந்தால் போகாது.

கோட்டைப் பற்றி எனக்குத் தெரியும். என் முதல் ரீடரைத் துணிப்பையில், எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்து பஸ்ஸில் ஏறினேன். கூட்டத்தில் யாரோ சாய்ந்தார்கள். இறங்கி எடுத்துப் பார்த்தபோது வெளிக் கண்ணாடியில் கீறல்கூட இல்லை. உள்ளே இருக்கும் மெல்லிய கண்ணாடித் தகடு உடைந்திருந்தது. மேல் பாதியில் நான் படித்துக்கொண்டிருந்த பக்கம் அப்படியே உறைந்து நின்றது, கீழ்ப் பாதி முழுக்கக் கோடுகள். புதுத் திரையின் விலைக்குக் கூடவே கொஞ்சம் போட்டால் புதுக் கருவியே வந்துவிடும் என்றார்கள். மின்சாரம் இல்லாமலும் படம் நிற்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆறு வருடம் ஆகிறது, பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மேசை இழுப்பறையைத் திறந்தால் அந்தப் பாதிப் பக்கம் இன்னும் தெரிகிறது.